சைக்கிள் கடையைச் சாய்த்தது சந்தையா? கடனா?

சமுதாய இளைஞர்களே! வணிகச் சகோதரர்களே!

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகக் கணவாயைத் தாண்டி ஆண்டிபட்டிக்குள் நுழையும் சாலையை நீங்கள் அறிவீர்கள். 30 ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சாலையிலும், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பள்ளத்தாக்கு நெடுகிலும் கடைவீதிக்குக் கடைவீதி சைக்கிள் கடை இருந்தது. மட்கார்டில் பெயிண்டால் எண் எழுதிய வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டு எடுத்துப் போவார்கள். ஜக்கம்பட்டி நெசவாளிக்கும், வைகை அணைப் பக்கத்து விவசாயிக்கும், பால்காரருக்கும், தலைச்சுமை ஜவுளி வியாபாரிக்கும் சைக்கிள்தான் வாகனம்.

குறைந்த முதலில் தொடங்கக்கூடிய தொழில் என்பதால் நம்மவர்களில் பலர் இதில் இறங்கினார்கள். ஒரு பம்பு, ஒரு பஞ்சர் பெட்டி, நான்கு ஸ்பேனர், நாலடி இடம். அதில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். பெண்மக்களுக்குத் திருமணம் முடித்தார்கள்.

இன்று அந்தக் கடைகளில் எத்தனை மிச்சம்? எண்ணிப் பாருங்கள். மிச்சமிருக்கும் கடைக்காரரிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "காலம் மாறிப்போச்சு பாய், இனி சைக்கிள் ஓடாது."

இந்தப் பதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பேசத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் அந்த மீதிப் பாதி சைக்கிள் கடைக்கு மட்டும் உரியதல்ல. செல்போன் கடை, ஜவுளிக் கடை, செருப்புக் கடை வைத்திருக்கும் உங்களுக்கும் அது நாளை வரலாம்.

வாடிக்கையாளர் எங்கே போனார்?

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 100க்கு 43.7 வீடுகளில் சைக்கிள் இருந்தது. 2011இல் அது 44.8. பத்து ஆண்டுகளில் ஒன்றேகால் புள்ளிகூட உயரவில்லை. அதே பத்து ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் வைத்திருந்த வீடுகள் 11.7இலிருந்து 21 ஆயின. சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. மோட்டார் வண்டி ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

நம் ஊரில் சைக்கிளின் கேரியரைப் பறித்தது எது? ஓசூரில் 1980இல் பிறந்த டி.வி.எஸ். 50தான். அதன் வாரிசான எக்ஸ்.எல். வண்டியில் இன்று முருங்கைக்காய் மூட்டையும் போகிறது, பால் கேனும் போகிறது, சேலைக் கட்டும் போகிறது. மாதத் தவணையில் கிடைக்கிற வண்டியை விட்டுவிட்டுக் கணவாய் மேட்டில் யார் மிதித்துக் கொண்டிருப்பார்? 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அது நல்ல திட்டம். ஆனாலும் வேலைக்குப் போகச் சைக்கிள் வாங்க நினைத்த பெண்களில் சிலர் பேருந்துக்குப் போயிருப்பார்கள் என்பதையும் வியாபாரி கணக்கில் வைக்க வேண்டும்.

ஆக, சந்தை சுருங்கியது உண்மை. ஆனால் சந்தை ஒரே இரவில் சுருங்கவில்லை. 20 ஆண்டுகளாகக் கண்ணுக்கு முன்னால் சுருங்கியது. அப்படியிருந்தும் சில கடைகள் விழுந்தன, சில கடைகள் நிற்கின்றன. ஏன்?

யானைகளும் சாய்ந்தன

விழுந்தவர்கள் சிறியவர்கள் மட்டுமா? இல்லை. வங்காளத்தில் ஆசன்சோலை அடுத்துள்ள கன்யாப்பூரில் சென்-ராலே தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தின் ராலே கம்பெனியோடு கூட்டு. ராலே, ஹம்பர், ராபின்ஹுட் என்று பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் சைக்கிள்கள் அங்கே தயாராயின. அதுவும், பம்பாயின் ஹிந்த் சைக்கிள்ஸ் கம்பெனியும் நொடித்துப்போய், 1980இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு இரண்டையும் அரசுடைமை ஆக்கியது. அரசு கைக்குப் போயும் அவை பிழைக்கவில்லை.

அட்லஸை எடுத்துக் கொள்ளுங்கள். 1951இல் அரியானாவின் சோனிபட்டில் தொடங்கிய கம்பெனி. உலகைத் தோளில் சுமக்கும் மனிதனின் படம் போட்ட அந்தச் சைக்கிள் நம் ஊர்க் கடைகளிலும் தொங்கியது. மத்தியப் பிரதேசத்தின் மாலன்பூர் ஆலை 2014இல் மூடப்பட்டது. சோனிபட் ஆலை 2018இல் நின்றது. கடைசியாக டெல்லிக்கு அருகே சாகிபாபாத் ஆலை, 2020 ஜூன் 3ஆம் தேதி. அன்று என்ன நாள் தெரியுமா? ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த உலக சைக்கிள் தினம்! அன்றாட மூலப்பொருள் வாங்கக்கூடப் பணமில்லை என்ற அறிவிப்பை ஆலை வாசலில் படித்துவிட்டுத் தொழிலாளர்கள் வீடு திரும்பினார்கள்.

கவனியுங்கள். சைக்கிளை வாங்க ஆளே இல்லை என்று அந்த அறிவிப்பு சொல்லவில்லை. கையில் பணம் இல்லை என்றுதான் சொன்னது. 2020இல் ஊரடங்கு தளர்ந்த மாதங்களில் நாடு முழுவதும் சைக்கிள் கேட்டு மக்கள் கடைகளில் நின்றார்கள். வியாபாரம் வாசலுக்கு வந்த நேரத்தில் அட்லஸிடம் சரக்குப் போட முதல் இல்லை!

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று இன்றும் வண்டிகளை விற்கிறது. அந்தக் கம்பெனி சைக்கிளை மட்டும் நம்பவில்லை. இரும்புக் குழாய், செயின் என்று வேறு வருமானங்களும் வைத்திருந்தது. லூதியானாவின் ஹீரோ 1956இல் சைக்கிள் தயாரிப்பில் இறங்கியது. அதற்கு முன்பே, 1940களில், முஞ்சால் சகோதரர்கள் செய்தது சைக்கிள் உதிரிபாக வியாபாரம். உதிரிபாகத்தில் கால் ஊன்றிய பிறகே முழு வண்டிக்குப் போனார்கள். 1986இல் உலகிலேயே அதிக சைக்கிள் தயாரிக்கும் கம்பெனி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்கள்.

காய்ச்சல் வந்த இரண்டு ஆண்டுகள்

2020, 2021 ஆண்டுகளில் சைக்கிளுக்கு ஒரு காய்ச்சல் அடித்தது. உடற்பயிற்சிக் கூடங்கள் மூடியிருந்தன. பேருந்தில் ஏறப் பயம். கியர் வண்டி, அகல டயர் வண்டி என்று கேட்டு வாங்கினார்கள். கம்பெனிகளால் சரக்குத் தர முடியவில்லை. அந்த ஆண்டு சைக்கிள் விற்பனை 20 சதவீதம் கூடும், 1.45 கோடி வண்டிகள் வரை போகும் என்று கிரிசில் நிறுவனம் 2021இல் கணித்தது.

கணிப்பைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? கேட்ட சரக்கு கிடைக்கவில்லையே என்று பத்துக்குப் பதில் இருபது எழுதிக் கொடுத்தார்கள். சரக்கு வந்து இறங்கியபோது காய்ச்சல் விட்டுப் போயிருந்தது. வாங்க வேண்டியவர்கள் எல்லாம் ஏற்கனவே வாங்கிவிட்டார்கள். வாங்கிய சைக்கிளை மறு ஆண்டே மாற்றுவாரா யாராவது?

இது உள்ளூர்க் கதை என்று நினைக்க வேண்டாம். உலகமே இதே குழியில் விழுந்தது. கியரும் பிரேக்கும் செய்து உலகம் முழுவதும் விற்கும் ஜப்பானின் ஷிமானோ கம்பெனிக்கு 2023இல் விற்பனை முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. மின்சார சைக்கிளுக்குப் பெயர்போன நெதர்லாந்தின் வான்மூஃப் 2023 ஜூலையில் திவாலானது. இங்கிலாந்தின் பெரிய சைக்கிள் விற்பனை நிறுவனமான விக்கிள் அதே ஆண்டு அக்டோபரில் கடன்காரர்கள் சார்பான நிர்வாகியின் கைக்குப் போனது. கிடங்கு நிறையச் சரக்கு, வங்கி நிறையக் கடன். சரக்கைத் தள்ளுபடியில் தள்ளினால்தான் கடன் கட்ட முடியும். ஒருவர் தள்ளுபடி கொடுத்தால் பக்கத்துக் கடைக்காரரும் கொடுக்க வேண்டும். கடைசியில் இருவருக்கும் நஷ்டம்.

ஆம்ஸ்டர்டாமில் நடந்தது ஆண்டிபட்டியிலும் நடக்கும். அங்கே அதற்குத் திவால் சட்டம் இருக்கிறது. இங்கே வாசலில் வட்டிக்காரர் நிற்கிறார். அதுதான் வித்தியாசம்.

ஒரு எளிய கணக்கு

சகோதரர்களே, பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

ஒரு கடையில் 40 புதிய சைக்கிள்கள் நிற்கின்றன என்று வைத்துக் கொள்வோம். கணக்குக்காக, கொள்முதல் விலை ஒன்றுக்கு 5,000 ரூபாய். மொத்தம் 2 லட்சம். இந்தப் பணம் முழுவதும் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கியது. மாத வட்டி 4,000. ஒரு சைக்கிள் விற்றால் கையில் நிற்பது 500 என்று வைப்போம். அப்படியானால் மாதம் முதல் 8 சைக்கிள்கள் யாருக்காக விற்கப்படுகின்றன? வட்டிக்காரருக்காக. 9ஆவது சைக்கிளில்தான் வாடகை, கரண்ட் பில், வேலையாள் கூலி ஆரம்பிக்கிறது. அதற்கும் பிறகுதான் வீட்டுக்கு அரிசி.

மாதம் 15 வண்டி விற்கும்போது இது தெரியாது. 5 வண்டி விற்கும் மாதத்தில் 1,500 ரூபாய் பள்ளம் விழும். அதை அடைக்க இன்னொரு கடன். அந்தக் கடன் தண்டலாக, மீட்டர் வட்டியாக வரும்.

அதே கடையில் 6 சைக்கிள்கள், அதுவும் சொந்தப் பணத்தில் என்று வையுங்கள். மாதம் 5 விற்றால் 2,500 ரூபாய் கையில் நிற்கும். வியாபாரம் அதே 5 வண்டிதான். ஒருவர் பிழைக்கிறார், மற்றவர் ஊரைவிட்டுப் போகிறார். இரண்டு பேரையும் தாக்கியது ஒரே சந்தை. சாய்த்தது கடன் சரக்கு!

வட்டியை மார்க்கம் ஏன் இவ்வளவு கடுமையாகத் தடுத்தது என்று கேட்கும் இளைஞர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும். லாபத்தில் பங்கு கேட்பவன் உன் நஷ்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். வட்டிக்குக் கொடுத்தவனுக்கு உன் கடையில் ஈ ஓட்டினாலும் தேதி தவறாது.

வரி குறைந்தால் நஷ்டமா?

சரக்கு குவிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வாங்குபவருக்கு நல்ல செய்தி. வரவேற்போம். ஆனால் 12 சதவீத வரி கட்டி வாங்கிய பழைய சரக்கைக் கடை நிறைய வைத்திருந்தவர் நிலை என்ன?

முறைப்படி வரிக்கணக்கு காட்டும் வியாபாரிக்குக் கட்டிய வரி கணக்கில் வரவாக நிற்கும். பின்னால் மெதுவாகக் கழியும். அதுவரை அந்தப் பணம் முடங்கும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரருக்கு அந்த வரவும் கிடையாது. அவர் கட்டிய 12 சதவீதம் போனது போனதுதான். வாடிக்கையாளரோ "வரி குறைஞ்சிருச்சாமே!" என்று குறைந்த விலையைத்தான் கேட்பார். ஆறு வண்டி வைத்திருந்தவருக்கு இது சிராய்ப்பு. அறுபது வைத்திருந்தவருக்கு எலும்பு முறிவு.

கையெழுத்துப் போட்ட செக்

கம்பெனியோ மொத்த வியாபாரியோ சரக்கு இறக்கும்போது முன்தேதியிட்ட செக் கேட்பது வழக்கம். சில இடங்களில் தொகை எழுதாத செக்கையே கேட்கிறார்கள். நம் இளைஞர்களும் "டீலர்" என்ற பெயர்ப் பலகைக்கு ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து விடுகிறார்கள்.

செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவு பாயும். இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். வியாபாரத்தில் நஷ்டப்பட்டவன் ஒரே நாளில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். எனவே தொகை, தேதி எழுதாத செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுத்த ஒவ்வொரு செக்கின் எண்ணையும் எழுதி வையுங்கள். பணம் கட்டியதும் ரசீது கேளுங்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடனை எழுதி வைப்பது பற்றியது! அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். எழுதுபவர் யார், சாட்சி யார் என்பது வரை அது பேசுகிறது. நமக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தும், "நமக்குள்ள என்ன பாய் எழுத்து?" என்று வாய்ச்சொல்லில் லட்சங்களைக் கை மாற்றுகிறோம். பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் பஞ்சாயத்து!

மீட்டர் வட்டிக்காரரிடம் ஏற்கனவே சிக்கியவர்கள் பயந்து ஒளிய வேண்டாம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஜமாஅத்தையும் ஒரு வழக்கறிஞரையும் அழைத்துக்கொண்டு புகார் கொடுக்கப் போங்கள்.

அரசு சைக்கிளும் நம் கடையும்

"பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுத்துவிடுகிறது, அப்புறம் நம்மிடம் யார் வாங்குவார்?" என்று கடைக்காரர்கள் புலம்புவது நியாயம்தான். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய இந்தத் திட்டம் பிறகு எல்லோருக்கும் விரிந்தது. அதைத் தொடங்கிய முதல்வர் ஜெயலலிதா 2002 இடைத்தேர்தலில் நம் ஆண்டிபட்டியில் நின்று வென்றவர் என்பதை ஊர் அறியும். 2022இல் மட்டும் 6.35 லட்சம் மாணவ மாணவியருக்கு சுமார் 323 கோடி ரூபாயில் சைக்கிள் கொடுக்கப்பட்டது.

இந்தத் திட்டத்தை நாம் எதிர்க்கக் கூடாது. அந்தச் சைக்கிள் நம் பெண்பிள்ளைகளையும் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி கேட்போம். அந்தக் கோடிகளில் உள்ளூர்க் கடைக்கு வந்தது எவ்வளவு? டெண்டர் எடுத்த கம்பெனி வண்டிகளைப் பள்ளி மைதானத்தில் இறக்குகிறது. அதன் ஆட்களே மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிறகு நட்டு கழன்றாலும், செயின் இறங்கினாலும் பிள்ளை வந்து நிற்பது நம் கடை வாசலில்தான்.

எனவே நம் கோரிக்கை இதுவாக இருக்கட்டும்: அரசு தரும் சைக்கிள்களை மாட்டும் வேலையை அந்தந்த ஊர்ச் சைக்கிள் கடைகளுக்குக் கொடு! ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயம் செய்! முதல் ஓராண்டுப் பழுதுபார்ப்புக்கு டெண்டரிலேயே தொகை ஒதுக்கி, அதை உள்ளூர்க் கடைக்குச் சேரும்படி செய்! வணிகர் சங்கங்களும் ஜமாஅத்துகளும் இதை மனுவாக எழுதி மாவட்ட ஆட்சியரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுக்க வேண்டும். சைக்கிள் கடை வைத்திருக்கும் எல்லாச் சமுதாயத்து அன்பர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். பஞ்சர் ஒட்டுபவனின் பசிக்கு மதம் இல்லை.

எந்தக் கடை நிற்கிறது?

சுற்றிப் பாருங்கள். இன்றும் நிற்கும் சைக்கிள் கடை எது? வேலை தெரிந்தவரின் கடை. கோட்டம் எடுக்கத் தெரிந்தவர், ஓவராயில் செய்யத் தெரிந்தவர், டயர், ட்யூப், பிரேக் கட்டை, பால்ஸ் என்று உதிரிபாகங்களை அளவாக வைத்திருப்பவர். புதிய வண்டி விற்றால் அது உபரி. அன்றாடச் செலவு பழுதுபார்ப்புக் கூலியில் ஓடுகிறது. அந்தக் கூலிக்கு வட்டி கிடையாது, காலாவதி கிடையாது, மாடல் பழசாவதும் கிடையாது.

"முதலே இல்லாத இளைஞன் கடன் வாங்காமல் எப்படித் தொழில் செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் இதுதான். பெயர்ப் பலகையில் தொடங்காதே, பட்டறையில் தொடங்கு. ஒரு வருடம் நல்ல மேஸ்திரியிடம் வேலை கற்றுக்கொள். கியர் வண்டியின் டிஸ்க் பிரேக்கையும், மின்சார சைக்கிளின் பேட்டரி இணைப்பையும் சேர்த்துக் கற்றுக்கொள். அந்த வேலை தெரிந்தவரைத் தேடி ஆண்டிபட்டியிலிருந்து மதுரைக்குப் போகும் நிலை இருந்தால், அந்த இடம் உனக்காகக் காலியாக இருக்கிறது என்று பொருள். புதிய வண்டியை வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழை. மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்குத் தந்தால், விற்காததைத் திருப்பி எடுப்பாயா என்று முதலில் கேள், எழுதியும் வாங்கு. எடுக்கமாட்டேன் என்றால் இரண்டு வண்டிக்கு மேல் இறக்காதே.

வாடிக்கையாளரை உருவாக்கவும் முடியும் என்பதற்குப் புதுக்கோட்டை சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தது. முஸ்லிம் பெண்கள் உட்படக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள்! சைக்கிள் கடைகளுக்கு அது கம்பெனி விளம்பரம் தராத வியாபாரத்தைத் தந்தது. நம் ஊர்க் கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் சைக்கிள் பழக்கினால் என்ன குறைந்துவிடும்?

ஜமாஅத்தின் பங்கு

வசதி படைத்தவர்களே! உங்கள் ஊர்ப் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் நிதி இருக்கிறதா? இல்லையென்றால் தொடங்குங்கள். டீலர்ஷிப் எடுக்க இரண்டு லட்சம் கொடுக்க வேண்டாம். கருவி வாங்க, உதிரிபாகம் வாங்க இருபதாயிரம் கொடுங்கள். எழுத்தோடு கொடுங்கள், தவணையோடு வாங்குங்கள். நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வதும் அதே அல்பகரா அத்தியாயம்தான், 280ஆம் வசனம்.

இளைஞர்களே! சைக்கிள் இரண்டு சக்கரத்தில் நிற்பது ஓடிக்கொண்டிருக்கும் வரைதான். கடையும் அப்படித்தான். சரக்கு ஓட வேண்டும், பணம் ஓட வேண்டும். கடன் வாங்கிய சரக்கு மூலையில் தூசி படிந்து நிற்கும் நாளில் கடை சாயத் தொடங்கிவிட்டது என்று அறிந்து கொள்ளுங்கள். இன்று இரவு கடையை அடைக்கும் முன்பு ஒரு தாளில் எழுதுங்கள்: கடையில் நிற்கும் சரக்கில் என்னுடையது எவ்வளவு? கடன்காரருடையது எவ்வளவு?

இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் நாளைக் காலை புதிய ஆர்டர் கொடுக்காதீர்கள். இருப்பதை விற்றுக் கடனைக் குறையுங்கள்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!